தேடியெடுத்த படச்சுருள்கள்: ஜிகா வெர்த்தோவின் ஆவணப்படங்கள் பிழைத்த வரலாறு



அஞ்சல்தலை சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய நாணயம், பழைய இசைத்தட்டு, பாகவதர் காலத்துப் பாட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் போற்றிச் சேர்ப்போரும் நம்மிடையே உண்டு. ஆனால், கதையும் நடிகரும் வசனமும் இல்லாத பழைய ஆவணப்படங்களைத் தேடி நாடு விட்டு நாடு சென்று, பெட்டி பெட்டியாகச் சேர்ப்போரும் உலகில் இருக்கின்றனர். அவற்றுள்ளும் ‘சோதனை முயற்சி’ எனப்படும் ஆவணப்படங்களின்மீது அவர்கள் கொண்டுள்ள பற்று தனித்தன்மை வாய்ந்தது. இந்தப் பற்று வெறும் பொழுதுபோக்கா, அல்லது அதனால் வரலாற்றுக்குப் பயன் ஏதும் விளைந்ததா? இக்கேள்விக்கு விடை காண, சோவியத் படைப்பாளர் ஜிகா வெர்த்தோவின் படங்கள் எவ்வாறு சிதறின, எவ்வாறு மீண்டும் சேர்க்கப்பட்டன என்பதைப் பார்ப்பதே சிறந்த வழி எனக் கருதுகிறேன்.

வெர்த்தோவ் 1896ஆம் ஆண்டு, அன்று இரசியப் பேரரசின்கீழ் இருந்த பியாலிஸ்டாக் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று போலந்தில் உள்ளது. இயற்பெயர் தாவீது காஃப்மன். 1918இல் மாஸ்கோவில் செய்திப்படப் பிரிவில் பணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. அவர்தம் தம்பி மிகயில் காஃப்மன் ஒளிப்பதிவாளர். மனைவி எலிசவேத்தா ஸ்விலோவா படத்தொகுப்பாளர். மூவரும் சேர்ந்து ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டனர். நாடகமேடையை அப்படியே படம் பிடிப்பது திரைப்படம் ஆகாது. மனிதக் கண் காணத் தவறுவதைக் கருவியின் கண் காணும். ஆகவே நடிகர், ஒப்பனை, புனைந்த கதை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு வாழ்க்கையை நேரே பிடிக்க வேண்டும் என்பதே அக்கொள்கை. ‘திரைக்கண்’ என்பது அதன் பெயர்.

இக்கொள்கையின் உச்சமாக 1929இல் வெளிவந்தது ‘ஒளிப்படக் கருவியோடு ஒரு மனிதன்’ என்னும் படம். உக்ரேன் நாட்டின் திரைப்பட நிறுவனம் அதனைத் தயாரித்தது. கீவ், கார்க்கிவ், ஒடேசா, மாஸ்கோ ஆகிய நகரங்களில் எடுத்த காட்சிகளை ஒரே நகரத்தின் ஒருநாள் வாழ்வுபோல் தொகுத்திருக்கிறார்கள். இஃது ஒரு சோதனை முயற்சி என்றும், இதில் இடையிடையே எழுத்து அட்டைகள் வாரா என்றும், திரைக்கதையோ நடிகர்களோ அரங்கமோ இல்லை என்றும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார் வெர்த்தோவ். பின்னர், திரையரங்கின் இருக்கைகள் தாமே திறந்துகொள்கின்றன, நகரம் கண்விழிக்கிறது, தண்டவாளத்தின் நடுவே ஒளிப்பதிவாளர் கருவியைப் பொருத்துகிறார்.

என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒருமுறை இப்படத்தின் பத்து நிமிடப் பகுதியை மட்டும் காட்டினேன். “கதை எங்கே, டீச்சர்?” என்பதுதான் முதலில் வந்த கேள்வி. எனினும், ஓடிக்கொண்டிருந்த குதிரைவண்டி திரையில் சட்டென்று உறைந்து நின்றபோது வகுப்பு அமைதியானது. அடுத்து, ஸ்விலோவா தம் மேசையில் அமர்ந்து படச்சுருளை வெட்டி ஒட்டும் காட்சி வருகிறது. அவர் கையிலுள்ள சுருளில் அசையாப் படமாக இருந்த குழந்தையின் முகம், மறுகணம் திரையில் சிரிக்கத் தொடங்குகிறது. ஒளிப்படம் எவ்வாறு உயிர் பெற்று நகர்கிறது என்பதை விளக்க எனக்கு ஒரு பாடவேளை தேவைப்படும். இப்படம் அதனைச் சில நொடிகளில் விளக்கிவிட்டது.

இத்தகைய படங்கள் ஏன் அரியவையாகிப் போயின? கதைப்படமாயின் வசூலுக்காகப் படிகள் பல அச்சிடப்படும். ஊர் ஊராக ஓடும். ஓரிடத்தில் அழிந்தாலும் வேறோரிடத்தில் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. சோதனை ஆவணப்படத்துக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இன்னொரு காரணம் படச்சுருளின் இயல்பு. 1950களின் தொடக்கம் வரை திரைப்படங்களுக்குப் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட் சுருளே பயன்பட்டது. அஃது எளிதில் தீப்பற்றும். எரியத் தேவையான உயிர்வளியைத் தானே வெளியிடுவதால் நீரில் மூழ்கடித்தாலும் அணையாது. தீப்பற்றாவிடினும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பிசுபிசுத்து, இறுதியில் பழுப்புத் தூளாகிவிடும். பின்னர் வந்த அசெட்டேட் சுருள் தீயிலிருந்து பாதுகாப்பானது என்றாலும், வெப்பத்திலும் ஈரத்திலும் அதுவும் சிதையும். அப்போது பெட்டியைத் திறந்தால் காடியின் புளித்த நெடி மூக்கைத் துளைக்கும். நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அந்த நெடி விரைவிலேயே வந்துவிடுகிறது!

இவற்றோடு மனிதர் செய்த அழிவும் உண்டு. சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே ஆயிரக்கணக்கான படங்களை உருக்கியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 ஊமைக் கதைப்படங்களுள் 14 விழுக்காடே முதலில் வெளியான வடிவில் முழுமையாக எஞ்சியுள்ளன எனக் கணக்கிட்டது. பணம் ஈட்டிய கதைப்படங்களின் நிலையே இதுவாயின், பணம் ஈட்டாத ஆவணப்படங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, ஆம்ஸ்டர்டாம் நகருக்குச் செல்வோம். 1927இல் அங்கே ‘ஃபில்ம்லீகா’ என்னும் திரைப்படக் கழகம் தோன்றியது. புதோவ்கினின் ‘தாய்’ என்னும் சோவியத் படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட எழுந்த தடையே அக்கழகம் பிறக்கக் காரணமாயிற்று. உறுப்பினருக்கு மட்டுமான தனிக்கழகமாக இருந்தால் விரும்பிய படத்தைத் திரையிடலாம் என்று இளைஞர் சிலர் முடிவு செய்தனர். பின்னாளில் புகழ்பெற்ற ஆவணப்பட இயக்குநராகிய யோரிஸ் ஈவன்ஸ் அவர்களுள் ஒருவர். மழைத்துளிகளையும் குடைகளையும் நனைந்த தெருக்களையும் மட்டுமே பொருளாகக் கொண்டு அவரும் மன்னுஸ் ஃபிராங்கனும் 1929இல் எடுத்த ‘மழை’ என்னும் சிறுபடம், இன்றும் சேகரிப்பாளர்கள் போற்றும் ஒன்றாகும்.

1930களின் தொடக்கத்தில் வெர்த்தோவ் மேற்கு ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தார். (அப்பயணத்தில் இலண்டனில் அவருடைய முதல் பேசும்படத்தைக் கண்ட சார்லி சாப்ளின், அதன் ஒலியமைப்பைப் பாராட்டிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார் என்பது சுவையான செய்தி.) ஃபில்ம்லீகா கழகத்தில் தம் படத்தைத் திரையிட்ட பிறகு, அப்படியை ஆம்ஸ்டர்டாமிலேயே விட்டுச் சென்றார். கழகம் 1933இல் கலைந்தது. பின்னர் உலகப்போர் மூண்டது. நெதர்லாந்து 5 ஆண்டுகள் செர்மானியர் வசமிருந்தது. இத்தனைக்கும் தப்பி, கழகம் சேர்த்து வைத்திருந்த சுருள்கள் போருக்குப் பின் அந்நாட்டின் திரைப்பட அருங்காட்சியகத்தில் அடைக்கலம் புகுந்தன.

அதுவரை உலகெங்கும் மாணவர் கண்ட படிகள் எத்தகையவை தெரியுமா? ஊமைப்படக் காலத்தில், சுருளின் இருபுறத் துளைகளுக்கும் இடைப்பட்ட அகலம் முழுவதும் காட்சியே இருக்கும். பேசும்படம் வந்த பின், அந்த அகலத்தில் இடப்பக்க ஓரத்தை ஒலித்தடத்துக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. ஊமைப்படங்களுக்குப் பின்னணி இசை சேர்த்து மறுபடி அச்சிட்டபோது, அவ்வோரத்திலிருந்த காட்சி வெட்டுண்டு போனது. காட்சிச் சட்டத்துள் ஒவ்வொரு கோட்டையும் எண்ணி அமைத்த கலைஞரின் படத்தை, ஒருபக்கம் நறுக்கப்பட்ட நிலையிலேயே இரண்டு மூன்று தலைமுறையினர் கண்டு வந்தனர்! ஆம்ஸ்டர்டாம் படியோ 1930களின் ஊமைப்படி. அதில் காட்சி முழுமையாக இருந்தது. நெதர்லாந்தின் ‘ஐ’ திரைப்பட நிறுவனமும் பாரிசின் லாப்ஸ்டர் நிறுவனமும் அதனை அடிப்படையாகக் கொண்டு 2010இல் படத்தைச் சீரமைத்தன. 2014இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் பிரிட்டிஷ் இதழ் திறனாய்வாளர்களிடமும் படைப்பாளர்களிடமும் நடத்திய கருத்தெடுப்பில், எக்காலத்துக்கும் உரிய ஆவணப்படங்களுள் முதலிடம் பெற்றது இப்படமே.

சேகரிப்பாளரின் பற்றுக்குரிய முதற்காரணம் இங்கே புலப்படுகிறது. அச்சிட்ட நூலின் ஒரு படிக்கும் மறுபடிக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. படச்சுருள் அப்படியன்று, ஒவ்வொரு படியும் ஓலைச்சுவடியைப் போன்றது. ஒன்றில் ஓரிரு நிமிடம் கூடுதலாக இருக்கும்; ஒன்றில் தணிக்கையாளர் நீக்கிய காட்சி எஞ்சியிருக்கும். பாடவேறுபாடு தேடிச் சுவடிக்குப் பின் சுவடியாக அலைந்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பை எண்ணிப் பார்த்தால், இவர்களின் ஆவலை விளங்கிக்கொள்வது எளிது.

வியன்னா நகரில் நடந்ததும் அறியத்தக்கது. பீட்டர் கோன்லெக்னர், பீட்டர் குபெல்கா என்னும் இருவர் 1964இல் அங்கே ஆஸ்திரியத் திரைப்பட அருங்காட்சியகத்தைத் தொடங்கினர். குபெல்கா தாமே சோதனைப்படக் கலைஞர். வெர்த்தோவ் 1930இல் முடித்த ‘உற்சாகம்’ என்னும் பேசும்படத்தின் படிகளில் ஒலியும் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தன. வெர்த்தோவின் விருப்பமே அதுதான் போலும் என்று பலர் எண்ணியிருந்தனர். குபெல்கா 1972இல் மேசையில் அமர்ந்து ஒலியையும் காட்சியையும் ஒவ்வோர் இடமாகப் பொருத்திக்காட்டினார். மணியின் நாக்கு மோதும் கணத்திலேயே மணியோசை கேட்டது! அவ்வருங்காட்சியகத்தின் வெர்த்தோவ் தொகுப்பு இன்று ஆய்வாளர்கள் நாடிச் செல்லும் கருவூலம். அதில் ஒரு பகுதி, கணவர் மறைந்த பின் ஸ்விலோவா பேணிக் காத்து அளித்தது. 1930களின் பிற்பகுதியிலிருந்து வெர்த்தோவ் சொந்த நாட்டில் ஓரங்கட்டப்பட்டார். எளிய செய்திப்படங்களைத் தொகுத்துக் கொடுக்கும் பணியிலேயே அவருடைய கடைசி ஆண்டுகள் கழிந்தன. 1954இல் அவர் மறைந்தபோது, இத்தாள்களும் சுருள்களும் குப்பைக்குப் போயிருந்தால் கேட்பார் இருந்திருக்கமாட்டார். ஸ்விலோவாவின் பெயரைச் சேகரிப்பாளர் பட்டியலில் எவரும் சேர்ப்பதில்லை. என்னைக் கேட்டால், அவரையே முதலில் வைப்பேன்.

‘புரட்சியின் ஆண்டு நிறைவு’ என்னும் படத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. அக்டோபர்ப் புரட்சியின் முதலாம் ஆண்டு நிறைவுக்காக, 1918இல் செய்திப்படத் துண்டுகளைக் கோத்து வெர்த்தோவ் உருவாக்கிய நெடும்படம் அது. புதிய சுருள் கிடைக்காத வறுமைக்காலம் ஆகையால், அப்படத்தையே வெட்டியெடுத்துப் பிற படங்களுக்குப் பயன்படுத்தினர். சிறுபகுதி தவிர மற்றவை அழிந்தன என்றே கருதப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அப்படத்தின் எழுத்து அட்டைகளின் வரிசையைத் தரும் பட்டியல் ஓர் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தது. நிகொலாய் இஸ்வோலொவ் என்னும் திரைப்பட வரலாற்றாசிரியர் அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் காப்பகத்தில் பல்வேறு பெட்டிகளில் சிதறிக் கிடந்த துண்டுகளை அடையாளம் கண்டார். ஏறத்தாழ 2 மணிநேரப் படம் மீண்டும் உருப்பெற்று, 2018 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் திரையேறியது. உள்நாட்டுப் போரைப் பற்றி வெர்த்தோவ் 1921இல் எடுத்த படத்தையும் அவர் இவ்வாறே மீட்டு, அதே விழாவில் 2021இல் அளித்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேகரிப்பாளர் அனைவரும் புண்ணியவான்கள் அல்லர். தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்னும் பெருமைக்காகவே சுருளைப் பூட்டி வைத்து, எவருக்கும் காட்டாமல், தாமும் பேணாமல் தூளாக விட்டவர்களும் உண்டு. உரிமைச் சட்டச் சிக்கலும் உண்டு. 1970களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை படச்சுருள் சேகரிப்போர் இல்லங்களில் சோதனை நடத்தியது. நடிகர் ரோடி மெக்டோவலின் வீடும் தப்பவில்லை. எல்லாவற்றினும் கொடியது தீ. பாரிசை அடுத்த வென்சேன் நகரில், மக்கள் குடியிருந்த கட்டடம் ஒன்றில் லாப்ஸ்டர் நிறுவனத்தின் நைட்ரேட் சுருள்கள் வைக்கப்பட்டிருந்தன. 2020 ஆகஸ்டு மாதம் அவை தீப்பற்றியதில் இருவர் உயிரிழந்தனர். அவ்விபத்து நீதிமன்றம் வரை சென்றது. மேலே நான் பாராட்டிய சீரமைப்பைச் செய்த அதே நிறுவனம்தான் அது. ஆர்வம் எத்துணை உயர்ந்ததாயினும் அயலாரின் உயிருக்கு ஈடாகாது.

காட்டுவதா, காப்பதா என்னும் சண்டை இத்துறையில் பழைமையானது. பாரிசில் 1936இல் திரைப்படக் காப்பகத்தை நிறுவிய ஆன்ரி லாங்லுவா, படம் என்பது திரையில் ஓடினால்தான் உயிரோடிருக்கிறது என்பார். கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார், நாள்தோறும் திரையிட்டார். பிரான்சின் புதிய அலை இயக்குநர்கள் அவருடைய திரையரங்கில் அமர்ந்தே கலையைக் கற்றனர். 1968இல் அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியபோது அவர்கள் தெருவில் இறங்கிப் போராடி அவரை மீண்டும் அமர்த்தினர். இலண்டன் காப்பகத்தின் எர்னஸ்ட் லிண்ட்கிரெனோ நேர்மாறானவர். மூலப்படியை ஓட்டினால் தேயும். நகல் எடுக்காமல் அதனைத் தொடவே கூடாது என்பது அவர் கட்டளை. லாங்லுவாவின் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்; ஆனால் அவருடைய காப்பகத்தில் 1959இல் தீப்பற்றிச் சுருள்கள் பல அழிந்ததை எண்ணும்போது, லிண்ட்கிரென் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது.

பற்றுக்கு மற்றொரு காரணம், அப்படங்களில் உறைந்துள்ள மனிதர்கள். இதற்குச் சோதனைப்படமே வேண்டும் என்பதில்லை. 1994இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில், பழைய கடை ஒன்றின் நிலவறையிலிருந்து 3 உலோகப் பீப்பாய்கள் கிடைத்தன. உள்ளே ஏறத்தாழ 800 படச்சுருள்கள் இருந்தன. மிட்செல், கென்யன் என்னும் இருவர் 1900ஆம் ஆண்டையொட்டி எடுத்தவை. பஞ்சாலை வாயிலிலிருந்து வெளிவரும் தொழிலாளரும் சிறுவரும் அவற்றில் நிறைந்திருந்தனர். உள்ளூர்த் திரைப்பட ஆர்வலர் ஒருவர் அவற்றின் அருமை உணர்ந்து, குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 2000இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்திடம் ஒப்படைத்தார். வேலைக்குப் போகும் வயதில்லாத பிள்ளைகள் ஆலை வாயிலில் நிற்பதை அதில் காணும் எந்த ஆசிரியருக்கும் நெஞ்சு கனக்கும்.

அழிவையே அழகாகக் காட்டியவரும் உண்டு. அமெரிக்கர் பில் மோரிசன், சிதைந்து உருகிய நைட்ரேட் சுருள்களை மட்டும் தொகுத்து 2002இல் ‘டெகேசியா’ என்னும் படத்தை உருவாக்கினார். குத்துச்சண்டை வீரன் ஒருவன் எதிராளியைக் குத்துவதற்குப் பதிலாக, சுருளின் அழுகலையே குத்திக்கொண்டிருப்பதுபோல் அதில் ஒரு காட்சி வரும்.

தமிழர்க்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. கோட்டையூரில் பிறந்து, பர்மாவில் ‘தனவணிகன்’ இதழை நடத்திய ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1937இல் கப்பற்பயணம் ஒன்றின்போது உறுதி பூண்டார். புதிதாகப் படம்பிடிப்பதைவிட, ஏற்கெனவே பலர் பல நாடுகளில் பிடித்தவற்றைத் தேடிச் சேர்ப்பதே அவருடைய பெரும்பணியாயிற்று. கண்டம் கண்டமாகச் சுற்றி, ஏறத்தாழ 100 பேர் 30 ஆண்டுகளில் எடுத்த 50,000 அடிச் சுருளைத் திரட்டினார். அதிலிருந்து 12,000 அடியில் தொகுத்த படம் 1940இல் தமிழில் வெளிவந்தது. பிறகு அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் உருவாகி 1953இல் திரையேறியது. காலப்போக்கில் எல்லாம் மறைந்தன. செட்டியாரின் எழுத்துகளைப் பதிப்பித்த வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலில், அவ்வாங்கில வடிவத்தின் சுருக்கப்பட்ட படி சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் ஒன்றில் அகப்பட்டது. செட்டியார் தம் தேடலை விரித்துரைக்கும் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூல் பள்ளி நூலகங்களில் இருக்கத்தக்கது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு வகுப்பில் வாசித்துக் காட்டலாம்.

வெர்த்தோவின் படங்களை நம் வீட்டிலிருந்தே பார்க்க விரும்புவோருக்கு ஒரு செய்தி. 1922 முதல் 1925 வரை அவர் ‘கினோ பிராவ்தா’ என்ற பெயரில் செய்திப்பட இதழ் ஒன்றை நடத்தினார். திரைப்பட உண்மை என்பது அதன் பொருள். மொத்தம் 23 இதழ்கள் வெளிவந்தன. வியன்னா அருங்காட்சியகம் 2017இல் அவற்றை இணையத்தில் ஏற்றி அனைவருக்கும் திறந்துவிட்டது. முதல் இதழில் வோல்கா ஆற்றோரப் பஞ்சத்தில் வாடிய குழந்தைகளைக் காணலாம். சிறு பிள்ளைகளோடு பார்ப்பதாயின் பெற்றோர் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. அவ்வரிசையில் 22 இதழ்களே உள்ளன. 12ஆம் இதழ் கிடைக்கவில்லை.